சால்வடோர் சான்செஸ் டிவிடி தொகுப்பு: ஒரு ரவுண்டு கூட வெட்டவில்லை

பழைய விளையாட்டுப் பதிவுகள் விற்கும் ஓர் ஆன்லைன் கடையில் வாங்கியது, மூன்று டிவிடியில் குத்துச்சண்டை வீரர் சான்செஸின் ஐந்து சண்டை. படம் சுமார்தான். பழைய டேப்பிலிருந்து எடுத்ததால் ஓரத்தில் கோடு ஓடுகிறது, வர்ணனை முழுக்க ஸ்பானிஷ். ஆனாலும் தயங்காமல் வாங்கச் சொல்வேன், ஏனென்றால் எல்லாச் சண்டையும் முதல் மணியிலிருந்து கடைசி வரை அப்படியே இருக்கிறது, சான்செஸை அப்படித்தான் பார்க்க வேண்டும். செல்போனில் வரும் இரண்டு நிமிடத் துண்டுகளில் அந்த மனிதர் பிடிபடவே மாட்டார்.

மெக்சிகோக்காரர், 1959-இல் பிறந்தவர். 1980 பிப்ரவரியில் ஃபீனிக்ஸ் நகரில் டேனி லோபஸை 13-ஆவது ரவுண்டில் வீழ்த்தி டபிள்யூபிசி (உலகக் குத்துச்சண்டை கவுன்சில்) ஃபெதர்வெயிட் எடைப்பிரிவுப் பட்டத்தை எடுத்தபோது வயது 21. முதல் டிவிடியில் இருப்பது அதுதான். லோபஸ் முன்னால் வந்துகொண்டே இருக்கிறார், இவர் அரை அடி பின்வாங்கி வலது கையை இறக்குகிறார், மறுபடி அதே, மறுபடி அதே. அவசரமே கிடையாது.

இரண்டாவதில் வில்ஃப்ரெடோ கோமஸ், 1981 ஆகஸ்ட், லாஸ் வேகாஸ். கோமஸ் அதுவரை ஒரு டிரா தவிர 32 சண்டையும் ஜெயித்தவர், அந்த 32-உம் நாக் அவுட். அப்பேர்ப்பட்டவர் முதல் ரவுண்டிலேயே தரையில் விழுகிறார், அப்புறம் எழுந்து நன்றாகவே திருப்பிக் கொடுக்கிறார், கண்கள் வீங்கி 8-ஆவதில் முடிகிறது. அதே டிவிடியில் பேட் கௌடெல் சண்டையும் உண்டு, பொறுமை உள்ளவர்களுக்கு.

ஆனால் கொடுத்த காசு மூன்றாவது டிவிடிக்கே சரியாகிவிட்டது. 1982 ஜூலை 21, மேடிசன் ஸ்கொயர் கார்டன். எதிரில் கானா நாட்டு அசுமா நெல்சன், வேறொருவர் விலகியதால் கடைசி நேரத்தில் வந்தவர், அன்றைக்கு அவரைப் பெரிதாக யாருக்கும் தெரியாது. 7-ஆவதில் கீழே விழுந்தும் அடங்கவில்லை, சான்செஸைக் கயிற்றோரம் தள்ளிக்கொண்டே போகிறார். கடைசி ரவுண்டான 15-ஆவது வந்தும் இருவரும் கை ஓயவில்லை. சான்செஸ் அப்போதும் நெல்சன் பஞ்ச் வீசும் அந்தக் கணத்துக்காகக் காத்திருந்துதான் அடிக்கிறார். நெல்சன் விழுந்து எழுகிறார், விடாமல் அடி விழ, நடுவர் நிறுத்துகிறார். (இந்த நெல்சன்தான் 1984-இல் அதே பட்டத்தைக் கோமஸிடமிருந்து பறித்தவர்.)

சரியாக 22 நாள் கழித்து, ஆகஸ்ட் 12 அன்று, மெக்சிகோவின் கெரெதாரோ நெடுஞ்சாலையில் கார் விபத்தில் சான்செஸ் போய்விட்டார். 23 வயது. 44 வெற்றி, ஒரு தோல்வி, ஒரு டிரா. பட்டத்தை ஒன்பது முறை காத்தவர், கடைசிவரை யாரிடமும் இழக்கவில்லை. இது தெரிந்தபின் அந்த 15-ஆவது ரவுண்டை என்னால் சாதாரணமாகப் பார்க்க முடியவில்லை.

ஒரு குறை: மூன்றாவது டிவிடி 11-ஆவது ரவுண்டில் நின்று நின்று ஓடியது. கடைக்கு எழுதினேன், பத்து நாளில் வேறு அனுப்பினார்கள், இது நன்றாக ஓடுகிறது. வந்ததும் முழுக்க ஓட்டிப் பார்த்துவிடுங்கள். நெல்சன் சண்டைக்கு நேராகத் தாவ வேண்டாம், லோபஸிலிருந்து தொடங்குங்கள்.