வெந்நீர் ஊற்றா, காளான் கம்போஸ்ட்டா?

ஊட்டியில் எம்.எஸ்சி. நுண்ணுயிரியல் படிக்கும் அக்கா மகள் போன வாரம் கேட்டாள்: "சித்தி, ப்ராஜெக்டுக்கு வெப்பம் தாங்கும் நொதி தேடணும். இமாச்சலத்துல இருக்கற மணிகரண் வெந்நீர் ஊற்று வரைக்கும் போயே ஆகணுமா?"

நீலகிரியில் வெந்நீர் ஊற்று கிடையாது. ஆனால் அவள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் மொட்டுக் காளான் கொட்டகை இருக்கிறது. வைக்கோலும் கோழி எருவும் கலந்து குவித்த கம்போஸ்ட்டின் நடுவில் வெப்பமானியைச் செருகினால் 70 டிகிரி காட்டும். வெளியே ஸ்வெட்டர் இல்லாமல் நிற்க முடியாது.

ஊற்றின் பெருமை பெரியதுதான். 1966-ல் நுண்ணுயிரியலாளர் தாமஸ் பிராக்கும் அவர் மாணவர் ஹட்சன் ஃப்ரீஸும் அமெரிக்காவின் எல்லோஸ்டோன் பூங்காவின் எரிமலை நிலத்து ஊற்றுகளில் மாதிரி எடுத்தார்கள். அதில் ஓர் ஊற்றின் பெயரே மஷ்ரூம் ஸ்பிரிங்! அங்கே கிடைத்த பாக்டீரியாவுக்கு 1969-ல் தெர்மஸ் அக்குவாட்டிகஸ் என்று பெயர் வைத்தார்கள். டி.என்.ஏ.வைப் படியெடுக்கும் டாக் பாலிமரேஸ் என்ற நொதி அதிலிருந்து வந்ததுதான். துளி டி.என்.ஏ.வைப் பல பிரதிகளாகப் பெருக்கும் பி.சி.ஆர். முறையில் டி.என்.ஏ. இழைகளைப் பிரிக்க ஒவ்வொரு சுற்றிலும் 95 டிகிரி அளவுக்குச் சூடாக்க வேண்டும். குடலில் வாழும் ஈ.கோலை பாக்டீரியாவின் நொதி அந்தச் சூட்டில் செத்துப்போகும், சுற்றுக்குச் சுற்று புதிதாக ஊற்றியாக வேண்டும். டாக் தாங்கி நிற்கும். ஊட்டி உயரத்தில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. நம் அடுப்பில் கொதிக்கும் தண்ணீரையும் மிஞ்சிய சூடு அது. இந்த வேலைக்கு ஊற்றுக்கு நிகர் ஊற்றுதான்.

ஆனால் ஊற்றில் தின்ன அதிகம் இல்லை. கம்போஸ்ட்டிலோ வைக்கோல் மலையாய்க் குவிந்திருக்கிறது. அங்கே வாழும் உயிர்கள் தாவரச் செல் சுவரின் செல்லுலோஸ், சைலான், இலையின் மெழுகுப் பூச்சான கியூட்டின் எல்லாவற்றையும் வெளியிலேயே நொதி கக்கிக் கரைத்துத்தான் சாப்பிட்டாக வேண்டும். அதுவும் அந்தச் சூட்டிலேயே. தெர்மஸ் இனத்தையே சூடான கம்போஸ்ட்டில் பிடித்திருக்கிறார்கள்.

எனக்கு இதில் மிகவும் பிடித்த கதை ஜப்பானின் ஒசாகா பல்கலைக்கழகத்துடையது. இலையும் கிளையும் மக்கிய கம்போஸ்ட்டிலிருந்து டி.என்.ஏ.வை நேரடியாக எடுத்து, அதில் வாழ்ந்த எந்த உயிரையும் வளர்க்காமலே கியூட்டினை உடைக்கும் ஒரு நொதியின் (கியூட்டினேஸ்) மரபணுவைக் கண்டுபிடித்து 2012-ல் அறிவித்தார்கள். கியூட்டினைக் கோத்திருப்பதும் எஸ்டர் பிணைப்பு, தண்ணீர் பாட்டிலின் பெட் பிளாஸ்டிக்கைக் கோத்திருப்பதும் எஸ்டர் பிணைப்பு. அதனால் அந்த நொதி பாட்டிலையும் கடித்தது. பெட் இளகத் தொடங்குவது 70 டிகிரிக்குப் பக்கத்தில். அந்தச் சூட்டில் உயிரோடிருக்கும் நொதிக்குத்தான் பிளாஸ்டிக் வழிவிடும். பிரெஞ்சுக் குழு ஒன்று அந்த ஒசாகா நொதியைத் திருத்தி, 72 டிகிரியில் 10 மணி நேரத்தில் 90 சதவீத பெட்டைச் சிதைத்ததாக 2020-ல் காட்டியது. சோதனைச்சாவடியில் பாட்டிலைப் பிடுங்கி வைக்கும் மாவட்டத்தில் படிக்கிற பெண் தேட வேண்டியது இந்த மாதிரி நொதியைத்தான் என்பேன்.

அதனால் கம்போஸ்ட் பக்கம்தான் நான். செலவுக் கணக்கைப் பார்த்து மட்டும் சொல்லவில்லை. மணிகரணுக்கு ஒருமுறைதான் போக முடியும். கொட்டகையில் ஒவ்வொரு முறை புரட்டிப் போடும் முன்பும் மாதிரி எடுக்கலாம், சூடு ஏற ஏற யார் வருகிறார், யார் போகிறார் என்று பார்க்கலாம்.

ஒரு சிக்கல் உண்டு. ஊற்றின் சூடு நெடுநாள் நீடிப்பது, குவியலின் சூடு சில வாரக் கூத்து. சூடு தணிந்ததும் முளைக்கிற சாதாரண உயிர்களும் கலந்திருக்கும். அப்புறம் நுண்ணுயிர் வளர்க்கும் பெட்ரித் தட்டை 37 டிகிரியில் வைத்தால் அவைதான் நிறையும். குவியலின் நடுவிலிருந்து எடுத்து, ஃபிளாஸ்கில் சூடு ஆறாமல் கொண்டுவந்து, அன்றைக்கே 60 டிகிரியில் வைக்கச் சொன்னேன். எஸ்டர் பிணைப்புள்ள ட்ரைபியூட்டிரின் என்ற கொழுப்பு கலந்த அகாரில் (கடற்பாசிக் கூழ்), நொதி அதை உடைத்ததற்கு அடையாளமாகத் தெளிந்த வளையம் விழுகிறதா என்று பார்க்க வேண்டும். 70-க்குப் போனால் அகார் தளர்ந்துவிடும், அதற்குப் பதில் சூடு தாங்கும் ஜெல்லான் கம் வேண்டும். வளையம் வந்ததும் துள்ளிக் குதிக்காமல், நொதியை மட்டும் பிரித்து 70 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து, அதற்குப் பிறகும் எவ்வளவு வேலை செய்கிறது என்று அளக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கொட்டகைக்காரர் புரட்டப் போகிறாராம். ஃபிளாஸ்க் என்னுடையதை எடுத்துப் போயிருக்கிறாள்.