தாலின், ரிகா: ஒரே நாள்தான் என்றால் எது?

தாலின் எஸ்டோனியாவின் தலைநகர், ரிகா லாத்வியாவின் தலைநகர். இரண்டுமே ஹான்சா எனும் இடைக்கால வட ஐரோப்பிய வணிகக் கூட்டணியின் துறைமுகங்களாக இருந்தவை. இரண்டின் பழைய நகரும் 1997இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன. ஒற்றுமை அவ்வளவுதான்.

தாலின் கடலோரத்திலேயே இருக்கிறது. பின்லாந்தின் ஹெல்சின்கியிலிருந்து கப்பலில் சுமார் 2 மணி நேரம். இறங்கி 15–20 நிமிடம் நடந்தால் கோட்டைச் சுவர். சுவர் ஏறத்தாழ 2 கி.மீ. இன்னும் நிற்கிறது. சிக்கல், கருங்கல் பாவிய தெருக்கள்தான்: சக்கரப் பெட்டி தடுக்கும், மழையில் கால் வழுக்கும். ஓலாஃப் தேவாலயக் கோபுரத்தில் லிஃப்ட் கிடையாது, குறுகலான சுழல்படிதான். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு ரிகாவின் பீட்டர் தேவாலயம் மேல். 72 மீட்டர் உயரம்வரை லிஃப்டே கொண்டுபோகும்.

1201இல் எழுந்த ரிகா டௌகவா ஆற்றங்கரை நகரம். ஆல்பெர்ட்டா தெருவின் ஆர்ட் நூவோ (1900 வாக்கில் பரவிய, வளைகோட்டு அலங்காரப் பாணி) கட்டட முகப்புகளும், செப்பலின் எனும் ஆகாயக் கப்பல்களின் கொட்டகைகளிலிருந்து எடுத்த கூரைச் சட்டங்களால் எழுப்பி 1930இல் திறந்த மத்தியச் சந்தையும் பழைய நகருக்கு வெளியே உள்ளவை. இவற்றையே அரை நாளில் முடிக்க முடியாது, பழைய நகர் வேறு இருக்கிறது. ஒரே நாளுக்குத் தாலின்தான்.