அப்பத்தா பேசிய கேசட்டும் மதுரை மாடிக்கடையும்

பழைய ஆடியோ கேசட்டுகளைப் பென் டிரைவுக்கு மாற்றித் தரும் கடை ஒன்று மதுரையில் ஒரு மாடியில் இயங்கி வருகிறது. குறை ஒன்றையும் சொல்லவேண்டியிருப்பதால் கடையின் பெயரை இங்கே தவிர்க்கிறேன். மூன்று கேசட்டுகளைக் கொடுத்தேன். ஒன்றுக்கு 350 ரூபாய் வாங்கினார்கள். ஒரு வாரம் என்று சொல்லிப் பன்னிரண்டு நாட்கள் எடுத்துக்கொண்டார்கள்.

சென்ற ஆண்டு தொண்ணூற்றிரண்டு வயதில் மறைந்த எங்கள் அப்பத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. 1980களில் சித்தப்பா மஸ்கட்டில் வேலை பார்த்தபோது, இராமநாதபுரம் பக்கத்துப் பல வீடுகளைப் போலவே எங்கள் வீட்டிலும் கடிதத்துக்குப் பதிலாகக் கேசட்தான் போய்வந்தது. சித்தப்பா முதல் விடுப்பில் கொண்டுவந்த நேஷனல் பானசோனிக் டேப்ரெக்கார்டரின் முன்னால் அப்பத்தாவை உட்காரவைத்துப் பொத்தானை அழுத்திவிட்டால், வெற்றிலையை இடித்துக்கொண்டே அரை மணி நேரம் பேசுவார். சித்தப்பா திரும்பி வந்தபோது பெட்டியின் அடியில் மிஞ்சியிருந்தவை இந்த மூன்றும்.

அவருடைய வாழ்க்கையின் முதல் பாதிக்கு எங்களிடம் ஒரு புகைப்படம்கூட இல்லை. தாத்தா தனுஷ்கோடித் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். போட் மெயில் ரயிலில் வந்து இறங்குகிறவர்கள் இலங்கையின் தலைமன்னாருக்குக் கப்பல் ஏறிய ஊர் அது. 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில், பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பயணிகள் ரயிலையே கடல் கொண்டுபோனது. பரமக்குடியில் ஒரு கலியாண வீட்டுக்குப் போயிருந்ததால் எங்கள் குடும்பம் உயிர் தப்பியது. வீடு, பாத்திரம், பெட்டியில் இருந்த படங்கள் எதுவும் மிஞ்சவில்லை. பரமக்குடியிலேயே தங்கி, வாசலில் இட்லிக்கடை போட்டு நான்கு பிள்ளைகளை ஆளாக்கிய அப்பத்தா, அந்த ஊரைப் பற்றி எங்களிடம் அதிகம் பேசியதில்லை. கடல் கடந்து இருந்த மகனிடம் மட்டும் கேசட்டில் பேசியிருக்கிறார். வங்காள விரிகுடாவைப் பெண்கடல் என்றும் மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்றும் அங்கே சொல்வார்கள். "ஆங்கடலு இரையிறதைக் கேட்டுப் படுத்த ஒடம்புடா, இங்க ராவெல்லாம் தூக்கமே வரமாட்டேங்குது" என்று அவர் சொல்லும் இடம் இரண்டாவது கேசட்டில் வருகிறது. அவர் பரமக்குடிக்கு வந்து அப்போதே இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தன.

கடைக்காரர் தொழில் தெரிந்தவர் என்பதில் எனக்கு ஐயமில்லை. நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சை படர்ந்திருந்ததைக் கண்டதும், பாடவைத்துப் பார்க்காமல் முதலில் துடைத்து, முழுவதும் ஒருமுறை முன்னும் பின்னும் சுற்றினார். ஒரு கேசட்டில், நாடாவிலிருந்து ஒலியைப் படிக்கும் ஹெட்டோடு நாடாவை அழுத்திப் பிடிக்கும் சிறிய பஞ்சுப் பட்டை உதிர்ந்துபோயிருந்தது. உறையின் திருகுகளைக் கழற்றி, நாடாவை வேறொரு நல்ல உறைக்குள் மாற்றினார். குரல் மங்கலாகக் கேட்டபோது ஹெட்டின் பக்கத்திலிருக்கும் திருகை இம்மி இம்மியாகத் திருப்பினார். போர்வைக்குள்ளிருந்து பேசுவதுபோல் இருந்த அப்பத்தா சட்டென்று எதிரே வந்து உட்கார்ந்ததை அங்கேயே நின்று கேட்டேன்.

ஆனால் வீட்டுக்குக் கொண்டுவந்த பென் டிரைவில் இருந்தது வேறொன்று. இரைச்சலை நீக்கும் மென்பொருளில் போட்டு, பேச்சில்லாத இடங்களையும் வெட்டி, எம்பி3 கோப்பாகக் கொடுத்திருந்தார்கள். வெற்றிலை உரலின் "டொக் டொக்" இல்லை. ஒரு விஷயத்தைச் சொல்லி முடித்து அடுத்ததைத் தொடங்கும்முன் அவர் எடுத்துக்கொள்ளும் நீண்ட மௌனமும் இல்லை. அப்பத்தா மூச்சு விடாமல் செய்தி வாசிப்பதுபோல் கேட்டது. மறுநாள் போய்ச் சொன்னபோது, "எல்லோரும் இப்படித்தான் சார் கேட்பாங்க" என்றார் கடைக்காரர். அது உண்மையாகவே இருக்கலாம். இருந்தாலும் வாடிக்கையாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்திருக்க வேண்டும். நல்லவேளையாக, கை வைக்காத மூலப்பதிவை அவர் அழித்திருக்கவில்லை. ஒரு மணி நேரக் கேசட்டுக்கு ஏறத்தாழ 600 எம்பி இடம் பிடிக்கும் அந்த வேவ் கோப்புகளைக் கூடுதல் கட்டணமில்லாமல் ஏற்றித் தந்தார். இங்கே போகிறவர்கள் இதை முதல் நாளே கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது.

இன்னொன்றையும் அவர் கணக்கில் எழுதவேண்டும். மூன்றாவது கேசட்டின் மறுபக்கத்தில் சித்தப்பா சினிமாப் பாட்டுகளைப் பதிந்துவிட்டிருந்தார். பாட்டு என்று தெரிந்ததும் நிறுத்தியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. ஒரு மணி நேரக் கேசட்டை மாற்ற ஒரு மணி நேரம் ஓடவிட்டே ஆகவேண்டிய வேலை இது. இவர் கடைசிவரை ஓடவிட்டிருக்கிறார். பாட்டுகள் முடிந்த பிறகு, பழைய பதிவில் அழியாமல் தப்பிய இரண்டு நிமிடங்கள் அங்கே இருந்தன.

"ஏத்தா, இது ஓடுதா, நின்னுருச்சா?" என்று அப்பத்தா கேட்கிறார். "ஓடுது அத்தை, பேசுங்க" என்று என் அம்மாவின் இளவயதுக் குரல் சொல்கிறது. அதன்பின் நாடா தீரும்வரை உரல் இடிக்கும் சத்தம்தான்.