மீன் மேசையா, துப்பாக்கிப் பெட்டியா? கொடைக்கானல் மழை மாலைக்கு எது பொருத்தம்

கொடைக்கானலில் மழை பிடித்துக்கொண்டால் ஏரியில் படகுகள் கரையேறிவிடும். கோக்கர்ஸ் வாக்கில் நின்றால் எதிரே வெள்ளை மூடுபனிதான். விடுதி அறைக்குத் திரும்பவும் மனம் வராத குடும்பங்கள் அப்போது ஒதுங்குவது ஏதாவது ஒரு விளையாட்டுக் கூடத்தில். உள்ளே நுழைந்ததும் கண்ணைப் பறிப்பது மீன் மேசை: படுக்கவைத்த பெரிய திரை, அதற்குள் நீலக் கடல், சுற்றிலும் ஆளுக்கொரு பீரங்கி. குழந்தைகள் நேரே அங்கேதான் ஓடுவார்கள். அங்கே அவர்களை உட்காரவைப்பதற்கு முன், பக்கத்தில் நிற்கும் மற்ற இயந்திரங்களோடு மீன் மேசையை ஒப்பிட்டுப் பார்த்துவிடுங்கள். எல்லாமே சுடுகிற ஆட்டம்தான், ஆனால் காசு வாங்கும் விதத்தில் ஒன்றுக்கொன்று ஒட்டே கிடையாது.

முதலில் மேசை. இந்த வகை ஆட்டங்களில் பலருக்கும் தெரிந்த பெயர் ‘ஓஷன் கிங்’. தைவானின் ஐ.ஜி.எஸ். நிறுவனத்தின் தயாரிப்பு. அதே அச்சில் வார்த்த வேறு பல மேசைகளும் புழக்கத்தில் உள்ளன. பெயர் எதுவானாலும் அமைப்பு ஒன்றுதான். ஒரு கையில் ஜாய்ஸ்டிக், மறு கையில் சுடும் பொத்தான், பக்கத்தில் குண்டின் விலையை ஏற்றவும் இறக்கவும் ஒரு பொத்தான். காசு அல்லது கூடத்தில் பணம் நிரப்பித் தரும் கார்டு போட்டதும் உங்கள் பீரங்கிக்குப் பக்கத்தில் புள்ளிகள் ஏறும். ஒவ்வொரு குண்டுக்கும் அதிலிருந்து புள்ளி கழியும். மீன் வீழ்ந்தால் குண்டின் விலையைப்போல் இத்தனை மடங்கு என்று திரும்ப ஏறும். பொடி மீனுக்கு 2 மடங்கு, நடுத்தர மீனுக்கு 10, 20 என்று போய், திமிங்கலத்துக்கும் டிராகனுக்கும் நூற்றைத் தாண்டும்.

புதிதாக ஆடுகிறவர் கோட்டைவிடுவது இங்கேதான். துப்பாக்கி ஆட்டம் என்றால் குறி தவறாமல் சுடுகிறவனுக்கு வெற்றி என்று நினைத்துக்கொள்கிறோம். மீன் மேசையில் குறி பார்ப்பது மிகச் சுலபம். குண்டு மீன் மீது பட்டபின் அது சாகுமா சாகாதா என்பதை முடிவு செய்வது இயந்திரம். பெரும்பாலான மேசைகளில் படுகிற ஒவ்வொரு குண்டும் ஒரு தனிக் குலுக்கல் சீட்டு. மடங்கு ஏற ஏறப் பரிசு விழும் வாய்ப்பு குறையும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நீண்ட ஓட்டத்தில் 100 புள்ளிக்கு 90 புள்ளி திருப்பித் தருகிற மேசை என்று வைத்துக்கொள்வோம். அந்த மேசையில் 2 மடங்கு மீன் 100 குண்டுக்கு ஏறத்தாழ 45 முறை விழும். 30 மடங்கு மீன் 100 குண்டுக்கு 3 முறைதான். கையில் 50 குண்டு இருக்கிற சிறுவன் எல்லாவற்றையும் 30 மடங்கு மீன்மேல் கொட்டினால், ஒரு மீன்கூட விழாமல் வெறுங்கையாக எழ ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் வாய்ப்பு உண்டு. அதே 50 குண்டைப் பொடி மீன்களில் செலவழித்தால் 45 புள்ளி அளவில் திரும்ப வரும், அதைக்கொண்டு மறுபடி சுடலாம். சராசரிக் கணக்கில் இரண்டுமே ஒன்றுதான். ஆனால் மழை விடும்வரை பிள்ளை உட்கார்ந்து ஆட வேண்டும் என்று நினைக்கிற பெற்றோருக்கு இரண்டும் ஒன்றல்ல.

ஊரிலிருந்து வந்திருந்த அண்ணன் மகன் ஒரு சுறாவை விடாமல் சுட்டுக்கொண்டிருந்தான். முகம் திரைக்கு மேல் குனிந்திருந்தது, குளிரில் விறைத்த விரல்களுக்குப் பதில் உள்ளங்கையால் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தான். “சித்தப்பா, எல்லாரும் சேர்ந்து இதை நிறைய அடித்துவிட்டோம், இன்னும் நாலு குண்டு போட்டால் செத்துவிடும்” என்றான். சுறா அசராமல் நீந்திப்போய்த் திரையின் ஓரத்தில் மறைந்தது. அவன் புள்ளி முந்நூறிலிருந்து நாற்பதுக்கு இறங்கியிருந்தது. ‘மற்றவர்கள் அடித்துக் களைக்கவைத்த மீனைக் கடைசியில் நாம் தட்டிவிடலாம்’ என்ற நம்பிக்கை எல்லாக் கூடங்களிலும் உலவுகிறது. குலுக்கல் முறையில் ஓடும் மேசையில் மீனுக்குக் களைப்பே கிடையாது. நூறாவது குண்டுக்கும் முதல் குண்டுக்கும் ஒரே வாய்ப்புதான். திரையில் மீனின் உயிர் எவ்வளவு மிச்சம் என்று காட்டும் கோடு இல்லாவிட்டால், அதைத் துரத்திக்கொண்டு போகாதீர்கள்.

திறமைக்கு இடமே இல்லையா என்றால், கொஞ்சம் இருக்கிறது. பல மேசைகளில் குண்டு எதன்மீதும் படாவிட்டால் வீணாவதில்லை, திரையின் விளிம்பில் பட்டுத் தெறித்து இன்னொரு மீனைத் தேடிப்போகும். ஆனால் வழியில் குறுக்கே வரும் முதல் மீனிலேயே நின்றுவிடும். பெரிய மீனைக் குறிவைத்துப் பொடி மீன் கூட்டத்தின் நடுவே சுட்டால், விலை கூடிய குண்டுகள் பொடி மீனுக்கே போய்ச்சேரும். குறிவைத்த மீனிடம் மட்டுமே குண்டு போகும்படி இலக்கைப் பூட்டும் பொத்தான் உள்ள மேசையில் இந்தத் தொல்லை இல்லை. அது இல்லாத மேசையில் மீன் தனியாகப் பிரிந்து உங்கள் பக்கம் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டிருப்பதே நல்ல ஆட்டம். எல்லாவற்றையும்விட முக்கியம், பொத்தானை அழுத்திப் பிடிக்காமல் ஒவ்வொன்றாகத் தட்டுவது. நொடிக்கு நான்கு குண்டு வீதம் போனால் 50 குண்டு பதின்மூன்று நொடிக்குள் தீர்ந்துவிடும்.

மேசைகளுக்குள்ளும் வித்தியாசம் உண்டு. எட்டுப் பேர், பத்துப் பேர் உட்காரும் பெரிய மேசை பார்க்க அழகு. சீசன் நேரத்தில் இரண்டு மூன்று குடும்பங்கள் ஒன்றாக உட்கார்ந்து கூச்சலிடும்போது முன்பின் தெரியாதவர்கள்கூட நண்பர்களாகிவிடுகிறார்கள். அந்த மகிழ்ச்சி நான்கு பேர் மேசையில் வராது. ஆனாலும் முதல்முறை ஆடுகிறவருக்கு நான் நான்கு பேர் மேசையைத்தான் சொல்வேன். பெரிய மேசையில் எட்டுத் திசையிலிருந்தும் குண்டு பறக்கும், எது தன்னுடையது என்பதே புதியவருக்குப் புரியாது. பக்கத்து இருக்கைக்காரர் குண்டின் விலையை ஏற்றி வெடி வெடியாகச் சுடுவதைப் பார்த்துப் பிள்ளையின் கையும் தானாக விலைப் பொத்தானுக்குப் போகும். சிறிய மேசையில் நான்கு இருக்கையையும் ஒரே குடும்பம் எடுத்துக்கொள்ளலாம், எல்லாரும் மிகக் குறைந்த விலைக் குண்டில் ஆடலாம், யார் எண் எவ்வளவு இறங்குகிறது என்று அம்மா ஒருவரே கவனித்துக்கொள்ளலாம். இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள்: ஒன்றாக உட்கார்ந்தாலும் அவரவர் புள்ளி அவரவருக்குத்தான். மீனை வீழ்த்திய குண்டு யாருடையதோ, பலனும் அவருக்கே.

இதோடு ஒப்பிட்டால் துப்பாக்கிப் பெட்டி வேறு உலகம். நாம்கோவின் ‘டைம் கிரைசிஸ்’, சேகாவின் ‘ஹவுஸ் ஆஃப் தி டெட்’ ஆகியவை 1990களிலிருந்து கூடங்களில் இருக்கும் ஆட்டங்கள். எதிரே நின்ற திரை, கையில் பிளாஸ்டிக் துப்பாக்கி. இங்கே காசு குண்டுக்கு இல்லை, ஆட்டத்துக்கு. எத்தனை குண்டு சுட்டாலும் கூடுதல் செலவு கிடையாது, அடிபட்டு உயிர்கள் தீரும்போதுதான் மறுபடி காசு கேட்கும். ‘டைம் கிரைசிஸ்’ ஆட்டத்தில் காலடியில் ஒரு மிதி உண்டு. அதை மிதித்தால் எழுந்து சுடுவீர்கள், விட்டால் மறைவில் ஒதுங்கிக் குண்டு நிரப்பிக்கொள்வீர்கள். கண், கை, கால் மூன்றும் சேர்ந்து உழைத்தாக வேண்டும். இரண்டாம் முறை ஆடுகிறவன் முதல் முறையைவிடப் பெரும்பாலும் அதிக நேரம் தாக்குப்பிடிப்பான். பழகப் பழகக் கை தேறுகிறது என்ற அந்த நிறைவை மீன் மேசை தருவதில்லை. பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைகளுக்கு நான் தயங்காமல் இதையே தேர்ந்தெடுப்பேன். ஒரே குறை, ‘ஹவுஸ் ஆஃப் தி டெட்’ முழுக்கப் பிணங்களும் ரத்தமும். சின்னக் குழந்தைகளை அந்தப் பக்கமே அழைத்துப்போக வேண்டாம்.

ஐந்தாறு வயதுக்காரர்களுக்குச் சிறுவர் மீன் பெட்டி இருந்தால் போதும். குண்டுக்குக் குண்டு காசு கழியாமல், ஒரு டோக்கனுக்கு இவ்வளவு நேரம் என்று ஓடுகிற வகையா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கைப்பேசியில் வரும் மீன் ஆட்டங்களைப் பற்றி அதிகம் பேச விருப்பமில்லை. காசு கட்டிக் காசு எடுக்கலாம் என்று அழைக்கிற செயலி எதுவானாலும் ஒதுக்கிவிடுங்கள். 2025 ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற மத்தியச் சட்டம், பணம் வைத்து ஆடும் இணையவழி ஆட்டங்களைத் திறமை, அதிர்ஷ்டம் என்ற பாகுபாடு இல்லாமல் தடை செய்கிறது. நேரில் ஆடும் மேசைக்கும் எல்லை உண்டு. புள்ளிக்குக் கிடைக்கும் பரிசு டிக்கெட்டைச் சேர்த்துப் பொம்மை வாங்குவது வரை அது விளையாட்டு. மீதிப் புள்ளிக்கு ரொக்கம் தருகிறோம் என்று யாராவது சொன்னால், அங்கே நடப்பது சூதாட்டம். பொதுவில் சூதாட்ட இடம் நடத்துவதைக் குற்றமாக்கும் தமிழ்நாடு சூதாட்டச் சட்டம் 1930ஆம் ஆண்டிலிருந்தே இருக்கிறது. அப்படிப்பட்ட மேசையிலிருந்து பிள்ளைகளைக் கையைப் பிடித்து எழுப்பிக்கொண்டு வந்துவிடுங்கள்.

உட்காருவதற்கு முன் பணியாளரிடம் மூன்று கேள்விகள் கேட்டுவிடுங்கள். ஒரு ரூபாய்க்கு எத்தனை புள்ளி? மேசையில் மிகக் குறைந்த குண்டின் விலை என்ன? ஆட்டம் முடிந்ததும் மீதிப் புள்ளி டிக்கெட்டாக வருமா, அப்படியே அழிந்துவிடுமா? கடைசிக் கேள்விக்கு மழுப்பலான பதில் வந்தால் துப்பாக்கிப் பெட்டிப் பக்கம் நகர்ந்துவிடுவதே நல்லது.

மலை ஏறி வந்தவர்களுக்கு மட்டும் உள்ள ஒரு சிக்கலும் இருக்கிறது. சமவெளி நகரங்களின் கூடங்களில் டிக்கெட்டைச் சேர்த்துவைத்து அடுத்த மாதம் பெரிய பரிசாக வாங்கலாம். நாளைக் காலை வத்தலக்குண்டு பஸ்ஸைப் பிடிக்கப்போகிற குடும்பத்துக்கு அந்த வசதி இல்லை. கார்டில் மிச்சம் வைக்காதபடி சின்னத் தொகையாகவே நிரப்புங்கள். கார்டுக்குக் கட்டும் முன்பணம் திரும்பக் கிடைக்குமா என்று முதலிலேயே கேளுங்கள். கிடைத்த டிக்கெட் பென்சிலுக்கும் அழிப்பானுக்கும்தான் காணும் என்றாலும், அன்றைக்கே மாற்றிப் பிள்ளையின் கையில் கொடுத்துவிடுங்கள்.