எட்டு அணியா, முப்பது அணியா? வட சென்னைக்கு ஒரு பேஸ்பால் லீக்

ஒரு அணியை நாமே நிர்வகிக்கும் பேஸ்பால் மேனேஜ்மென்ட் கேம் ஆடுகிறவர்களுக்கு ஒரு கட்டத்தில் யாங்கீஸ், டாட்ஜர்ஸ் மாதிரி அமெரிக்க அணிகள் எல்லாம் சலித்துவிடும். சொந்தமாக ஒரு லீக் கட்ட வேண்டும் என்று கை பரபரக்கும். எனக்கு அந்த லீக் வட சென்னையில்தான் நடக்க வேண்டும். ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, புளியந்தோப்பு, பெரம்பூர், திருவொற்றியூர், எண்ணூர் என்று எட்டு அணிகள். கேரமும் கால்பந்தும் பாக்ஸிங்கும் ஊறிய ஏரியாக்கள் இவை. இங்கே பேஸ்பாலையும் வைத்துப் பார்க்கும் ஆசையில் நண்பர்கள் சிலர் சேர்ந்து உட்கார்ந்தோம். உட்கார்ந்ததும் வாக்குவாதம் தொடங்கியது. எந்த கேம், எத்தனை அணி, வீரர்களை எப்படிப் பிரிப்பது என்று ஒவ்வொன்றுக்கும் இரண்டு கட்சி.

என் அளவுகோல் ஒன்றுதான். பத்து சீசன் ஓடிய பிறகு எத்தனை வீரர்களின் பெயரை நாம் திரையைப் பார்க்காமலே சொல்ல முடிகிறது? கற்பனை லீக்கில் முதல் நாள் யாருக்கும் முகம் கிடையாது. போகப்போகத்தான் வருகிறது. அதற்கு எந்த வழி உதவுகிறதோ அந்தப் பக்கம்தான் நான்.

முதலில் கேம். போட்டி இரண்டுக்குத்தான். ஒன்று அவுட் ஆஃப் த பார்க் பேஸ்பால். ஆடுகிறவர்கள் ஓஓடிபி என்று சுருக்கிச் சொல்வார்கள். மார்க்கஸ் ஹைன்சோன் என்ற ஜெர்மானியர் உருவாக்கியது. 1998-ல் முதல் பதிப்பு வந்தது, இப்போது வருடாவருடம் புதிது வருகிறது. காசு கொடுத்து வாங்க வேண்டும், கம்ப்யூட்டர் வேண்டும். இன்னொன்று ஜென்ஜிஎம் பேஸ்பால். பிரவுசரிலேயே ஓடும், இலவசம், போனிலும் ஆடலாம்.

ஜென்ஜிஎம்மின் பலம் வேகம். பஸ் ஸ்டாண்டில் நிற்கிற நேரத்தில் பாதி சீசனை ஓட்டிவிடலாம். அணிகளின் பெயர், நிறம், எத்தனை ஆட்டம், எந்த நாட்டு வீரர்கள் என்று பலதையும் மாற்றலாம். கையில் லேப்டாப் இல்லாதவருக்கு இதைவிட நல்ல தொடக்கம் கிடையாது. ஆனால் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். லீக் முழுவதும் அந்த பிரவுசருக்குள்ளேதான் சேமிக்கப்படுகிறது. போனைச் சுத்தம் செய்கிறேன் என்று பிரவுசர் டேட்டாவை அழித்தால் லீக்கும் போய்விடும். அவ்வப்போது ஃபைலாக ஏற்றுமதி செய்து வேறெங்காவது வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், பழைய ஆட்டங்களின் ஸ்கோர் அட்டைகளைத் தானாக நீக்கும் ஏற்பாடு ஒன்று உண்டு. அதை முதல் நாளே நிறுத்திவிடுங்கள். எந்த ஆட்டத்தில் யார் கடைசி ஸ்ட்ரைக்கை வாங்கினான் என்று திரும்பிப் பார்க்க முடியாவிட்டால் கற்பனை லீக் எதற்கு?

ஓஓடிபி மெதுவானது, ஆனால் ஆழமானது. விரும்பினால் ஒவ்வொரு பந்துக்கும் நீங்களே முடிவெடுக்கலாம். இப்போது அடிக்காமல் மெல்லத் தட்டிவிடும் பன்ட் ஆடலாமா, முதல் பேஸில் இருப்பவனை ஓட விடலாமா, பந்து போட்டுச் சோர்ந்த பிட்சரை இன்னும் ஒரு பேட்டருக்கு வைத்திருக்கலாமா என்று. ஜென்ஜிஎம்மில் வரிசையை அமைத்துக் கொடுத்துவிட்டு ஆட்டத்தைப் பார்க்கத்தான் முடியும். நான் கவனித்த வரையில் பெயர் மனசில் பதிவது இந்த இடத்தில்தான். எட்டாவது இன்னிங்ஸ், இரண்டு அவுட், பேஸ் மூன்றிலும் ஆள். எண்ணூரின் இடது கை பிட்சர் ஏற்கெனவே நூறு பந்து தாண்டிவிட்டான். பெஞ்சில் புதுப் பையன் தயாராக இருக்கிறான். மாற்றாமல் விட்டேன். மூன்று பந்தில் ஸ்ட்ரைக்அவுட், மூன்றையும் பேட்டர் தவறவிட்டு அவுட். அந்த இடது கைக்காரனின் சம்பளம், வயது, கை வலி எல்லாம் எனக்கு இன்றும் மனப்பாடம். வேகமாக ஓட்டிய சீசன்களில் சாம்பியன் யார் என்பதுகூட மறந்துவிடுகிறது. ஆகவே கம்ப்யூட்டர் இருந்தால் ஓஓடிபி. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பெயர் வைப்பதில் இரண்டுமே நம்மைப் படுத்தும். முதல் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டம் இருக்கும். நம் இனிஷியல் அதில் உட்காராது. அப்பா பெயரை இரண்டாவது கட்டத்தில் போட்டுவிடுவதுதான் எளிது. இரண்டு கேமிலும் பெயர்களை மாற்ற வசதி இருக்கிறது, கொஞ்சம் பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

அடுத்தது அளவு. எங்கள் கூட்டத்தில் ஒருவர் அமெரிக்காவின் மேஜர் லீக் அச்சை அப்படியே எடுத்துக்கொள்ளலாம் என்றார். முப்பது அணி, இரண்டு லீக், ஆளுக்கு மூன்று டிவிஷன், 162 ஆட்டம், கீழே இளம் வீரர்கள் பழகும் மைனர் லீக் வரிசை. எல்லாம் தயாராக இருக்கிறது, ஊர்ப் பெயரை மட்டும் மாற்றினால் போதும் என்பது அவர் வாதம். வட சென்னையில் முப்பது பெயரா கிடைக்காது? கொருக்குப்பேட்டை, மூலக்கடை, கொடுங்கையூர், எர்ணாவூர், கத்திவாக்கம், மணலி என்று அடுக்கிக்கொண்டே போகலாம்தான்.

பெயர் கிடைக்கும். கவனம் கிடைக்காது. ஒரு அணிக்கு 26 பேர் என்றால் முப்பது அணிக்கு 780 பேர். மைனர் லீக்கையும் சேர்த்தால் ஆயிரக்கணக்கில் போகும். எட்டு அணி என்றால் 208 பேர். 208 பேரை ஒரு மனிதன் ஞாபகம் வைத்துக்கொள்ள முடியும். ஒரு கல்யாண வீட்டுக் கூட்டம்தான் அது.

எட்டு என்பது நாம் சோம்பலில் பிடித்த எண்ணும் இல்லை. மேஜர் லீக்கின் இரண்டு பாதிகளில் ஒன்றான அமெரிக்கன் லீக்கில் 1901 முதல் 1960 வரை எட்டு அணிகள்தான். இன்னொரு பாதியான நேஷனல் லீக்கிலும் அந்தக் காலத்தில் எட்டுதான். எதிரணிகள் ஏழு, பெரும்பாலான வருடங்களில் ஒவ்வொன்றோடும் 22 ஆட்டம், மொத்தம் 154. 1961-ல் அமெரிக்கன் லீக் பத்து அணியானபோது எதிரணி ஒன்பது, ஆளுக்கு 18, அதனால்தான் 162. அந்த வருடம்தான் ரோஜர் மாரிஸ் என்ற வீரர் 61 ஹோம் ரன் (வேலியைத் தாண்டும் அடி) அடித்து, 154 ஆட்ட சீசனில் பேப் ரூத் வைத்த 60 என்ற சாதனையைத் தாண்டினார். எட்டு ஆட்டம் கூடுதலாகக் கிடைத்ததே என்ற சர்ச்சை உடனே கிளம்பிவிட்டது. தைவான் லீக் ஆறே அணியோடு 120 ஆட்டம் ஆடுகிறது, கொரியாவில் பத்து அணி, 144 ஆட்டம். அணி எண்ணிக்கையைத் தீர்மானித்தால் ஆட்ட எண்ணிக்கை தானாகவே வந்துவிடும். எங்களுக்கு ஏழு எதிரணி, ஒவ்வொன்றோடும் வீட்டில் ஆறு வெளியே ஆறு, மொத்தம் 84. ஒன்று மட்டும் மனசில் இருக்கட்டும். 84 ஆட்ட லீக்கில் முப்பது ஹோம் ரன் அடித்தவன் பெரிய ஆள். அமெரிக்கச் சாதனைகளோடு அவனை ஒப்பிடாதீர்கள். சாதனைப் பட்டியலை முதல் சீசனிலிருந்து நாமே எழுதிக்கொள்ள வேண்டியதுதான்.

மைனர் லீக்கை விட்டுவிடலாம் என்பது என் கருத்து. வருடம் சில புதுமுகங்கள் வந்தால் போதும்.

இப்போது உண்மையான சண்டைக்கு வருகிறேன். வீரர்களை எப்படிப் பிரிப்பது? ஒரு வழி டிராஃப்ட். எல்லா வீரர்களையும் ஒரே கூடையில் போட்டு அணிகள் மாறி மாறி எடுப்பது. இன்னொரு வழி, பிறந்த ஏரியாவுக்கே ஆடுவது. நான் டிராஃப்ட் பக்கம் இருந்தேன். முதல் டிராஃப்டில் ஒரு நல்ல பிட்சரை ராயபுரம் எடுத்தது. அவன் ஊர் என்று நாங்கள் போட்டிருந்தது காசிமேடு. காசிமேட்டு அணியை நடத்தும் தம்பிக்கு முகம் சிவந்துவிட்டது.

“அண்ணே, எங்க குப்பத்துப் பையன் ராயபுரம் சட்டைய மாட்டிக்கினு எங்களுக்கே பந்து போடுவானா?”

“டிராஃப்டுல அவங்க முறைதான்டா முதல்ல வந்துச்சு.”

“முறை கிடக்கட்டும்ணே. பொறந்தது எங்க?”

அவன் கேட்டதில் நியாயம் இருந்தது. இந்தப் பக்கத்து விளையாட்டுகள் எல்லாமே ஏரியாவோடு ஒட்டிக்கொண்டவை. பாக்ஸிங்கில் சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை என்று பிரிந்து மோதிய ஊர் இது. வீரனின் பெயரோடு பரம்பரையின் பெயரும் சேர்ந்தே வரும். கேரமில் உலக சாம்பியனான இளவழகி என்றால் அடுத்த வார்த்தை வியாசர்பாடி. 2024-ல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமாவும் வட சென்னைப் பெண் என்றுதான் நாம் சொல்லிக்கொள்கிறோம். டிராஃப்ட் திறமையைச் சமமாகப் பங்கிடும், ஆனால் இந்த ஒட்டுதலைத் தராது. என் அளவுகோலில் வைத்துப் பார்த்தாலும் ஏரியா முறைதான் ஜெயிக்கிறது. ‘புளியந்தோப்புக்காரன்’ என்று சொன்னதும் பாதி முகம் வந்துவிடுகிறதே.

அப்படியானால் அவனை வாழ்நாள் முழுக்க அந்த அணியோடு கட்டிப்போடுவதா? ஓஓடிபியில் ஃப்ரீ ஏஜென்சியை, அதாவது ஒப்பந்தம் முடிந்த வீரன் விரும்பிய அணிக்குப் போகும் உரிமையை, நிறுத்திவைக்க முடியும். அப்போது அணியே விடுவித்தாலோ வேறு அணிக்கு மாற்றிக்கொடுத்து ட்ரேட் செய்தாலோ தவிர, வீரன் வேறெங்கும் போக முடியாது. அமெரிக்காவில் பல பத்தாண்டுகள் இதுதான் நடைமுறை. 1969-ல் செயின்ட் லூயிஸ் அணி கர்ட் ஃபிளட் என்ற வீரரை ஃபிலடெல்ஃபியாவுக்கு ட்ரேட் செய்தபோது அவர் போக மறுத்தார். உச்ச நீதிமன்றம் வரை போனார், 1972-ல் தோற்றார். 1975 கடைசியில் வேறு இரண்டு பிட்சர்களின் வழக்கில் தகராறு தீர்க்கும் நடுவரான (ஆர்பிட்ரேட்டர்) பீட்டர் சைட்ஸ் கொடுத்த தீர்ப்புதான் அந்தக் கட்டை அவிழ்த்தது.

எங்கள் கூட்டத்தில் ஒருவர், பரம்பரை விசுவாசம் வேண்டும், அதனால் பூட்டியே வைப்போம் என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. பெரம்பூர் பின்னி மில் தொழிலாளர்கள் 1918-லேயே மெட்ராஸ் லேபர் யூனியன் தொடங்கிய மண்ணில், ஆட்டக்காரனுக்கு ‘வேறு இடம் போகிறேன்’ என்று சொல்லும் உரிமை இல்லாத லீக்கை நான் நடத்த மாட்டேன். கம்ப்யூட்டரில் இருக்கிற வீரனாகவே இருக்கட்டுமே. கடைசியில் ஏற்றுக்கொண்ட விதி இது: புதுமுகங்கள் பிறந்த ஏரியாவுக்கே போகட்டும். ஆறு வருடம் ஆடிய பிறகு எங்கே வேண்டுமானாலும் போகலாம். அமெரிக்க மேஜர் லீக்கிலும் ஆறு வருட சர்வீஸ் முடிந்தால்தான் ஃப்ரீ ஏஜென்சி. அதனால் கேமின் அமைப்பில் அதிகம் கை வைக்க வேண்டியதில்லை. ஏரியா ஒதுக்கீடு மட்டும், லீக்கில் எதையும் மாற்ற விடும் கமிஷனர் முறையில் நாமே கையால் செய்ய வேண்டும். எட்டு அணி என்பதால் ஒரு மாலையில் முடிகிறது. முப்பது அணியென்றால் இதை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது.

ஏரியா முறையின் ஆபத்து, ஒரே அணி ஓங்கிவிடுவது. 1949 முதல் 1953 வரை யாங்கீஸ் தொடர்ந்து ஐந்து முறை, மேஜர் லீக்கின் இறுதிப் போட்டியான உலகத் தொடரை வென்றது. அந்த மாதிரி ஒரு ஓட்டம் எட்டு அணி லீக்கில் வந்தால் மற்ற ஏழு பேரும் கேமை மூடிவிட்டுப் போய்விடுவார்கள். 1965-ல் அங்கே புதுமுகங்களுக்கு டிராஃப்ட் வந்தபோது, மோசமாக ஆடிய அணிக்கு முதல் வாய்ப்பு என்று விதி வைத்தார்கள். நாங்கள் அதில் பாதியை எடுத்துக்கொண்டோம். எட்டு ஏரியாவிலும் சேராத வீரர்கள், மணலி, மாதவரம் பக்கத்துப் பையன்கள் மாதிரி, கடைசி இடத்து அணியிலிருந்து தொடங்கும் சின்ன டிராஃப்டில் போவார்கள்.

மைதானத்தைப் பற்றி ஒரு வார்த்தை. எல்லாருக்கும் ஒரே அளவு வைக்காதீர்கள். ஓஓடிபியில் வேலியின் தூரம், உயரம், ஹோம் ரன் விகிதம் எல்லாம் மைதானத்துக்கு மைதானம் மாற்றலாம். பாஸ்டனின் ஃபென்வே பார்க்கில் இடது பக்கம் தெரு நெருக்குவதால் தூரம் குறைவு, அதனால் சுவர் 37 அடி உயரம். இடம் பற்றாத ஊருக்கு இதைவிட நல்ல முன்மாதிரி வேண்டுமா? 1856-ல் திறந்த ராயபுரம் ரயில் நிலையத்தின் பக்கத்தில் எங்கள் ராயபுரம் மைதானம் இருப்பதாக வைத்துக்கொண்டோம். இடது பக்கம் தண்டவாளம், கிட்டத்தில் உயரச் சுவர். வலது பக்கம் விரிந்து கிடக்கும். சுவரில் பட்டுத் திரும்பும் பந்தைப் பிடிக்கத் தெரிந்த லெஃப்ட் ஃபீல்டருக்கு அங்கே மவுசு அதிகம்.

எந்தக் காலத்து ஆட்டம் என்பதையும் தேர்ந்தெடுக்கலாம். 1968 மாதிரி வைத்தால் பிட்சர்கள் ஆள்வார்கள். அந்த வருடம் பாப் கிப்சன் என்ற பிட்சர் ஒன்பது இன்னிங்ஸுக்கு விட்டுக்கொடுத்த ரன்னின் சராசரி 1.12. அடுத்த வருடமே பிட்சர் நிற்கும் மேட்டை 15 அங்குலத்திலிருந்து 10-ஆகக் குறைத்தார்கள். இன்றைய காலம் வைத்தால் ஹோம் ரன்னும் ஸ்ட்ரைக்அவுட்டும்தான். புதியவர்களுக்கு நடுவில் ஏதாவது ஒரு வருடம் போதும்.

கடைசியாக காலண்டர். அமெரிக்கக் கணக்கில் விட்டால் இறுதி ஆட்டங்கள் அக்டோபரில் வரும். நமக்கு அது வடகிழக்குப் பருவமழை. புளியந்தோப்பில் தண்ணீர் நிற்கிற நேரத்தில் யார் ஃபைனல் வைப்பார்கள்? பொங்கல் முடிந்த வாரம் தொடங்கினால், வாரம் ஆறு ஆட்டம் வீதம் 84 ஆட்டத்துக்கு 14 வாரம். ஏப்ரல் கடைசியில் முடியும். ஏப்ரல் 15-ல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கி 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கும். காசிமேட்டுத் தம்பி இந்தத் தேதியைப் பார்த்ததும் சொன்னது ஒன்றுதான்: “ஃபைனலை எங்க மைதானத்துல வைங்கண்ணே, ஊரே சும்மாதான் இருக்கும்.” முதல் இடத்தில் முடிக்கிற அணியின் மைதானத்தில்தான் ஃபைனல் என்று விதி எழுதியாகிவிட்டது. இனி அவன் ஜெயித்துத்தான் கொண்டுபோக வேண்டும்.