ஐந்து வருஷமாக ஓடும் என் 18 அங்குல பாண்ட்சோ

2020 தைப்பொங்கல் முடிந்த கிழமை மொறட்டுவையில் இருந்து லொறியில் வந்து இறங்கிய மரம் அரியும் மெஷின் இது, மேலும் கீழுமான இரண்டு சில்லில் வளைய வாள் ஒன்று சுற்றி ஓடும். இருநூறு கிலோவுக்கு மேல் பாரம், என்னைவிட உயரம், கொட்டில் வாசலுக்குள் போகாமல் மேல் தகரம் இரண்டைக் கழற்றித்தான் உள்ளே தள்ளினோம். அம்மா திண்ணையில் இருந்து பார்த்துவிட்டு, "உதை வைச்சு என்ன கப்பலே கட்டப்போறாய்?" என்று கேட்டா. கப்பல் கட்டவில்லை. ஆனால் வீட்டு அலுமாரிகள், தங்கச்சி வீட்டுக் கதவுகள், இரண்டு தவிலுக்குப் பலாக்கட்டை ஓரம் வெட்டிக் கொடுத்தது (தவில்காரர் நிறைந்த யாழ்ப்பாணத்து இணுவிலில் இருந்துகொண்டு அதைச் செய்யாமல் தப்ப முடியாது) என்று ஐந்து வருஷத்தில் நிறைய அரிந்துவிட்டேன். நான் முழுநேரத் தச்சுத் தொழிலாளி இல்லை, பின்னேரமும் ஞாயிறும் மட்டும்தான். தெரிந்த நாலைந்து பேர் "எத்தனை அங்குலம் எடுக்கலாம்" என்று கேட்டுக்கொண்டே இருப்பதால் இதை எழுதுகிறேன். அந்தக் கேள்வியே கொஞ்சம் பிழை என்றுதான் இப்போது எனக்குத் தெரிகிறது.

அங்குலம் என்று சொல்வது சில்லின் விட்டத்தை. முதலில் என்னிடம் இருந்தது 14 அங்குலம், அதில் ஆறு அங்குல உயரத்துக்கு மேல் மரம் போகாது. எங்கள் ஊர் வேம்பு ஒன்றை மரக்காலையில் அரிந்தால் பத்து அங்குலப் பலகை சும்மா வரும், ஆனால் அங்கே இரண்டு அங்குலத் தடிப்பில் அரிந்து தருவார்கள், அலுமாரிக் கதவுக்கு எனக்கு வேண்டியது அரை அங்குலம். மிச்சத்தைச் சீவித் தூளாக்க மனம் வராது. பலகையை நிமிர்த்தி வைத்து நடுவால் பிளந்தால் ஒன்றுக்கு இரண்டு, அதுவும் புத்தகம் விரித்த மாதிரி ஒரே ரேகை இரண்டு பக்கமும் வரும். இதற்காகத்தான் பெரிய மெஷின் தேடினேன். வளைவு வெட்ட மட்டும் என்றால் 14 தாராளம், காசைக் கரியாக்க வேண்டாம்.

கனடாவில் இருக்கிற மச்சான் தன்னுடைய மெஷினைக் கப்பலில் அனுப்புகிறேன் என்று நின்றான். நல்ல மனம்தான், ஆனால் அங்கே கரண்ட் 60 ஹேர்ட்ஸ், எங்களுக்கு 50. வோல்ட்டை மாற்ற டிரான்ஸ்போமர் இருக்கிறது, ஹேர்ட்ஸை மாற்ற அது உதவாது. மோட்டர் ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடும், சூடும் கூடும். மோட்டரை மாற்றலாம்தான், அப்படியானால் எதற்கு இலவச மெஷின்? அடுத்தது மூடிப்போன ஒரு தளபாடப் பட்டறையில் நின்ற 24 அங்குலம். வார்ப்பிரும்பு உடம்பு, நான் கடைசியில் கொடுத்ததைவிடக் குறைந்த விலை. பார்த்துவிட்டு வந்து இரண்டு இரவு நித்திரை இல்லை. அது மூன்று பேஸ் (மும்முனை) மின்சாரத்தில் ஓடும் மோட்டர். வீட்டுக்கு மூன்று பேஸ் எடுக்க மின்சார சபைக்கு விண்ணப்பம், புது வயரிங், அப்புறம் அடியில் கொங்கிறீற் என்று கணக்குப் போட்டால் மலிவு எல்லாம் பறந்துவிட்டது.

அந்த நேரம் மரக்காலையில் வாள் தீட்டுகிற ஐயா ஒருவரிடம் போய் இதைச் சொன்னேன். அவர் மெஷினைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "தம்பி, வாள் எங்க எடுக்கப்போறாய்?" என்று மட்டும் கேட்டார். கொழும்பில் என்றேன். "ஒவ்வொரு வாளுக்கும் கொழும்புக்குப் போவியோ?" என்றார். நான் அதை யோசிக்கவே இல்லை.

பாண்ட்சோ வாள் செருப்பு மாதிரி, உங்கள் காலுக்கு அளவாக இருந்தால்தான் உண்டு. நீளக் கணக்கு லேசு: இரண்டு சில்லின் நடுவுக்கும் இடையிலான தூரத்தின் இரண்டு மடங்கு, அதோடு ஒரு சில்லின் சுற்றளவு. என்னுடையதில் நடுவுக்கு நடு 1,150 மில்லிமீற்றர், சில்லு 450, ஆக 3,714. மேல் சில்லைக் கொஞ்சம் ஏற்றி இறக்கலாம் என்பதால் 3,700 என்று வைத்துக்கொண்டேன். கடையில் தொங்குகிற ஒட்டிய வாள்கள் பெரும்பாலும் 14 அங்குல மெஷினுக்கானவை. மற்றதற்கு 30 மீற்றர் வாள் சுருள் (கொயில்) வாங்கி வெட்டி ஒட்ட வேண்டும். என் அளவுக்கு ஒரு கொயிலில் எட்டு வாள் வரும். அந்த 24 அங்குலத்தின் வாள் இதைவிட ஒரு மீற்றருக்கு மேல் நீளம், கொயிலுக்கு ஆறுதான். இரண்டு மெஷினுக்கும் உள்ள வித்தியாசத்தை எனக்கு இந்தக் கணக்குத்தான் காட்டியது. தைவானில் செய்த, பாவித்த 18 அங்குலத்தை எடுத்தேன்.

கரண்ட் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 3 குதிரைவலு ஒற்றைப் பேஸ் மோட்டர் முழுப் பளுவில் 13 அம்பியர் கடந்துவிடும், ஸ்டார்ட் எடுக்கும் கணத்தில் அதைப்போல் ஐந்தாறு மடங்கு இழுக்கும். முதல் மாதம் சாதாரண 13 அம்பியர் பிளக்கில் கொடுத்தேன், பிளக் பழுப்பாகிப் பிளாஸ்ரிக் மணம் வந்தது. பிறகு மெயின் போர்ட்டில் இருந்து 4 சதுர மில்லிமீற்றர் வயர், தனியாக, ஸ்டார்ட் இழுவையைத் தாங்கும் 20 அம்பியர் சீ வகை பிரேக்கர். அதற்குப் பிறகு ஒரு தொல்லையும் இல்லை. பின்னேரம் ஏழு மணிக்கு வோல்ட் இறங்குகிற ஒழுங்கையில் இருக்கிறீர்கள் என்றால் தடித்த மரத்தைப் பகலில் வைத்துக்கொள்ளுங்கள். 2022 பங்குனி, சித்திரையில் கரண்ட் வருகிற நேரம் பார்த்து இரவு பதினொரு மணிக்கும் அரிந்திருக்கிறேன், பக்கத்து வீட்டுக்காரரிடம் இன்னும் முழுதாக மன்னிப்புக் கேட்கவில்லை.

வேலையில் எப்படி என்றால், பத்து அங்குல வேப்பம் பலகையை நிமிர்த்திப் பிளக்க முக்கால் அங்குல அகல வாள், அங்குலத்துக்கு 3 பல். இதற்கு மேல் பல் இருந்தால் தூள் வெளியேற இடமில்லாமல் வாள் சூடாகி, நடுவில் வயிறு தள்ளி, பலகை ஒரு பக்கம் மெல்லிசும் மறுபக்கம் தடிப்புமாக வரும். மெஷினோடு வந்த தாளில் ஒன்றேகால் அங்குல வாள் பூட்டலாம் என்று போட்டிருந்தது. பூட்டலாம், இறுக்கத்தான் முடியாது, ஸ்பிரிங் முழுதாக அமுங்கிய பிறகும் வாள் விரலுக்கு ஆடுகிறது. கோடு விட்டு வாள் ஒரு பக்கம் இழுக்கிறது என்று முதல் வருஷம் முழுக்கப் பென்ஸை (பலகை சாய்ந்து ஓடும் நேர்த் தடுப்பு) திருப்பித் திருப்பி வைத்தேன். பிறகுதான் பிடிபட்டது: மேல் சில்லின் சரிவை மாற்றி, பல்லுக்கு இடையிலான பள்ளம் சில்லைச் சுற்றிய ரப்பர் ரயரின் நடு மேட்டில் ஓடும்படி வைத்தால் பாதி இழுவை தானாகவே போய்விடுகிறது. மிச்சப் பாதி மொட்டை வாள். மொட்டையான பிறகும் "இந்த ஒரு பலகை மட்டும்" என்று தள்ளுவது எல்லோரும் செய்கிற வேலை, நானும் செய்கிறேன்.

பனை தனிக்கதை. பனைக்கு வைரம் வெளிப்பக்கம், நடுவில் பஞ்சு. கறுப்பு நார் ஒவ்வொன்றும் கம்பி மாதிரி, அதற்குள் சிலிக்கா துணிக்கைகள் இருப்பதால் மணலை அரிவது போலத்தான். வேம்பில் ஒரு மாதம் போகிற வாள் பழைய பனந் தீராந்தி (கூரை உத்தரம்) நாலோடு முடிந்துவிடும். பழைய வீடு இடிக்கிற இடத்தில் தீராந்தி வாங்குவேன், நிற்கிற மரத்துக்கு ஆசைப்படுவதில்லை, பெண் பனையும் பலாவும் அனுமதி இல்லாமல் வெட்டவும் கூடாது. மலிவு வாள் ஒன்றைப் பனைக்கென்றே சிவப்பு நூல் கட்டி ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

ஆணி எல்லோருக்கும் தெரிந்த எதிரி. எங்கள் பக்கத்தில் யுத்தகாலத்துத் துப்பாக்கிச் சன்னமும் செல் துண்டும் அதோடு சேர்த்தி. 2021இல் உறவினர் வளவில் விழுந்த மாமரம் ஒன்று. வெளியில் ஒரு காயமும் இல்லை, தோல் மூடி வளர்ந்துவிட்டது. பாதிப் பலகை போனதும் சத்தம் மாறியது, அரிகிற சத்தத்துக்குள் ஒரு "டிக்", அடுத்து மூன்று நாலு "டிக்", நான் சுவிட்சுக்குக் கை கொண்டுபோவதற்குள் வாள் அறுந்து பெட்டிக்குள் அடித்துக்கொண்டு நின்றது. பலகையைப் பிரித்துப் பார்த்தால் சின்ன விரல் நகம் அளவு இரும்பு, அதைச் சுற்றி மரம் நீலக்கறுப்பாக ஊறிப்போய் இருந்தது. வாளில் பதினொரு பல் இல்லை. இப்போது எந்த மரத்திலும் முதலில் பழைய ஸ்பீக்கரில் கழற்றிய காந்தத்தை நூலில் கட்டித் தொங்கவிட்டு ஓட்டிப் பார்க்கிறேன். ஆழத்தில் கிடப்பதை அது பிடிக்காது, நீலக்கறுப்புக் கறை கண்ட கட்டையை நான் மெஷினில் ஏற்றுவதே இல்லை.

இன்னொரு அறுந்த வாள் முழுக்க என் பிழை. உருண்டைக் கட்டையை அப்படியே மேசையில் வைத்துத் தள்ளினேன், வாள் கீழே இழுக்கும்போது கட்டை உருண்டு வாளையும் முறுக்கிவிட்டது. கை அரை அடி தள்ளி இருந்ததால் இதை எழுதுகிறேன். இரண்டு சரிவுக் கட்டை ஆணியடித்துத் தொட்டில் மாதிரிச் செய்ய பத்து நிமிஷம் போதும்.

உப்புக் காற்று, மேலே ஐப்பசி கார்த்திகை மழை. வார்ப்பிரும்பு மேசை ஒரு கிழமை சும்மா கிடந்தால் உள்ளங்கை பதிந்த இடம் செம்மஞ்சளாக நிற்கும். தேங்காய் எண்ணெய் பூசிப் பார்த்தேன், பிசுபிசுத்துத் தூள் அப்பி, பலகையிலும் கறை ஏறியது. மெழுகுதிரியைத் தேய்த்துத் துணியால் துடைப்பதுதான் இப்போது பழக்கம், மரமும் வழுக்கிக்கொண்டு போகிறது. ரயர் ரப்பர் நாலாவது வருஷம் வெடித்தது, தகரக் கூரைச் சூடுதான் காரணமாக இருக்க வேண்டும், போதாததற்கு வேலை முடிந்து வாளைத் தளர்த்த நான் மறந்துபோன நாட்களும். தூள் உறிஞ்சியைக் கடைசியாக வாங்கினேன், முதலாவதாக வாங்கியிருக்க வேண்டும். வேப்பந்தூள் மிதக்கிற கொட்டிலில் தேத்தண்ணிக் கோப்பையைத் திறந்து வைத்தால் சீனி எவ்வளவு போட்டாலும் கசக்கும்.

குறை என்று சொன்னால் மெஷினோடு வந்த பென்ஸ் வெறும் நாலு அங்குல உயரம், பத்து அங்குலப் பலகை அதில் சாய்ந்து நிற்காது, பிளைவுட்டில் உயரமாக ஒன்று செய்து பூட்டியிருக்கிறேன். வாளை விலகாமல் பிடிக்கும் கீழ் பேரிங் வழிகாட்டிகளைத் திருப்ப முழங்காலில் நிற்க வேண்டும். வாங்கிய விலைக்கு இதெல்லாம் பொறுக்கலாம்.

வாள் கதைக்கு வருகிறேன். வாங்கி இரண்டு மாதத்தில் கொரோனா ஊரடங்கு, கொழும்புப் பாதை மூடி, கையில் கொயில் இருக்கிறது, ஒட்ட ஆளில்லை. எங்கள் ஒழுங்கையில் இருக்கிற பத்தர், கஸ்தூரியார் வீதியில் நகை வேலை செய்தவர், "கொண்டா பாப்பம்" என்றார். இரண்டு நுனியையும் சரிவாக அரத்தால் ராவி, ஒன்றின்மேல் ஒன்றாக ஒரு சென்ரிமீற்றர் படிய வைத்து, வெண்காரம் தடவி, வெள்ளிப் பொடி (நகை ஒட்டுகிற வெள்ளிக் கலவை) வைத்து ஊதினார். முதல் வாள் அரை மணித்தியாலத்தில் அறுந்தது, ஒட்டில் இல்லை, ஒட்டுக்குப் பக்கத்தில். அவரே துண்டைத் திருப்பிப் பார்த்து, உருக்கு சடக்கென்று ஆறி விறைத்துப்போச்சு என்றார். அடுத்ததை ஊதிய பிறகு திரும்பவும் மெல்லிய நெருப்பில் நீலம் பூக்கும் வரை காய்ச்சி ஆறவிட்டார். அந்த வாள் மொட்டையாகித்தான் இறங்கியது. இன்றைக்கும் அவர்தான் ஒட்டுகிறார், கூலி வாங்குவதில்லை, பட்டறையில் இருந்து வேலை செய்ய வேப்பம் பலகையில் ஒரு தாழ்ந்த மேசை கேட்டார். பலகை பிளந்து அடுக்கி இரண்டு வருஷம் ஆகிறது, இன்னும் செய்து கொடுக்கவில்லை.