வீட்டுக்குள் ஃபைபரா, கேட்6-ஆ, மெஷ்ஷா?

எங்கள் வீட்டு வாசலுக்கு ஃபைபர் வந்து நான்கு வருடம் ஆகிறது. 300 எம்பிபிஎஸ் பிளான். மோடம் இருக்கும் ஹாலில் நின்று பார்த்தால் 290 காட்டும். அப்போதெல்லாம் மாடியில் என் அறைக்குப் போனால் 35. நடுவில் இருப்பது ஒரு 9 அங்குலச் செங்கல் சுவரும், கம்பி கட்டிப் போட்ட காங்கிரீட் தளமும்தான். நம் ஊர் வீடுகள் வெயிலுக்கும் மழைக்கும் நிற்கிற மாதிரியே வைஃபைக்கும் எதிரே நிற்கும்.

போன வருடம் மாடியைப் பெரிதாக்கினோம். எப்படியும் சுவரில் காடி எடுக்கப் போகிறார்கள், அதோடு நெட்வொர்க்கையும் முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். முன்னால் இருந்தவை மூன்று வழிகள். ஏற்கெனவே இரண்டு வருடம் ஓட்டிய மெஷ் பெட்டிகளையே (வைஃபையை ஒன்றிலிருந்து ஒன்று வாங்கிப் பரப்பும் பெட்டிகள்) தொடர்வது, அல்லது அறைக்கு அறை கேட்6 என்ற செம்புக் கம்பி நெட்வொர்க் கேபிளை இழுத்து சீலிங்கில் ஆக்சஸ் பாயின்ட் (கேபிளில் வருவதை வைஃபையாகக் கொடுக்கும் பெட்டி) மாட்டுவது, அதுவும் இல்லையென்றால் வீட்டுக்குள்ளேயும் ஃபைபர் போடுவது. கடைசியில் வீட்டுக்குள் கேட்6, பின்கட்டில் உள்ள தனி அறைக்கு மட்டும் ஃபைபர் என்று முடிந்தது.

மெஷ்ஷைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வாடகை வீடு என்றால் வேறு யோசனையே வேண்டாம், அதை வாங்கிக்கொண்டு போங்கள். காலி செய்யும்போது கழற்றி எடுத்துக்கொள்ளலாம், வீட்டுக்காரர் ஒன்றும் சொல்ல முடியாது. குறை எல்லாருக்கும் தெரிந்ததுதான்: பெட்டிக்குப் பெட்டி காற்றிலேயே பேசிக்கொள்வதால், ஒரே அலைவரிசையில் வாங்கி அதிலேயே அனுப்பும் மாடல்களில் ஒவ்வொரு தாவலுக்கும் வேகம் ஏறக்குறைய பாதியாகும். எனக்கு மாடியில் 35 இருந்தது மெஷ் வைத்தபின் 110 ஆனது. அதை மோசம் என்று சொல்ல மாட்டேன்.

ஃபைபர்தான் என்னை அதிகம் ஆசை காட்டியது. கண்ணாடி இழை, ஒளி, ஒரு தடவை போட்டால் பேரன் காலம் வரை என்று கணக்குப் போட்டேன். சிங்கிள் மோடு என்ற நீண்ட தூர வகை இழையின் மையம் 9 மைக்ரான்தான், ஆனால் அதில் 10 ஜிபிபிஎஸ்-ஐ (ஒரு ஜிபிபிஎஸ் என்றால் 1000 எம்பிபிஎஸ்) கிலோமீட்டர் கணக்கில் அனுப்பலாம். சரி, என் வீட்டில் மிக நீளமான ஓட்டம் எவ்வளவு என்று டேப் பிடித்து அளந்தேன். 28 மீட்டர். கேட்6 கேபிள் 1 ஜிபிபிஎஸ்-ஐ 100 மீட்டர் வரை கொண்டுபோகும், நல்லபடியாக இழுத்திருந்தால் 10 ஜிபிபிஎஸ்-ஐயே 55 மீட்டர் வரை. வீட்டுக்கு வாங்கும் ஆக்சஸ் பாயின்ட்களின் பின்னால் இருப்பதோ பெரும்பாலும் 1 அல்லது 2.5 ஜிபிபிஎஸ் போர்ட். ஆக, வேகத்தை வைத்து ஃபைபரா செம்பா என்று ஒரு வீட்டுக்குள் சண்டை போடுவதில் அர்த்தமே இல்லை.

முடிவு செய்தது வேகம் இல்லை. கரண்ட்.

மெஷ் ஓட்டிய இரண்டு வருடத்தில் நடந்ததைச் சொன்னால் புரியும். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9 மணிக்குக் கரண்ட் போகும். இன்வெர்ட்டர் ஏறும், ஃபேன் சுற்றும், ஹாலில் மோடம் எரியும். அப்பா கீழே யூடியூபில் செய்தி பார்த்துக்கொண்டிருப்பார். மேலே நான் ஆபீஸ் மீட்டிங்கில் வாயைத் திறந்தபடி உறைந்து நிற்பேன். ஏனென்றால் மாடிப்படியில் இருந்த மெஷ் பெட்டி மெயின் லைன் பிளக்கில் இருந்தது. பெரும்பாலான வீடுகளைப் போல எங்கள் வீட்டிலும் லைட், ஃபேனுக்கு மட்டும்தான் இன்வெர்ட்டர் லைன் கொடுத்திருந்தார்கள். மெஷ் பெட்டி வைக்க நல்ல இடம் ஒன்று, இன்வெர்ட்டர் பிளக் இருக்கும் இடம் வேறு. இரண்டும் ஒரே இடத்தில் அமைவது அபூர்வம்.

கேட்6-இல் இந்தத் தொல்லை இல்லை. டேட்டா போகும் அதே கேபிளில் மின்சாரமும் போகும், இதைத்தான் பிஓஇ என்கிறார்கள். கீழே அலமாரியில் ஒரு பிஓஇ ஸ்விட்ச், அதாவது எல்லா கேபிளும் வந்து சேரும், அவற்றுக்குக் கரண்டும் கொடுக்கும் பெட்டி (எலக்ட்ரீஷியனிடம் சொல்லும்போது பெட்டியைக் கையில் காட்டிச் சொல்லுங்கள், இல்லையென்றால் லைட் ஸ்விட்ச் வாங்கி வருவார்), அதற்கு ஒரே ஒரு இன்வெர்ட்டர் பிளக். வீட்டில் நான்கு ஆக்சஸ் பாயின்ட், ஒன்றுக்கு அதிகபட்சம் 12 வாட். ஸ்விட்ச், மோடம் எல்லாம் சேர்த்தாலும் 70 வாட் சுற்றித்தான் வருகிறது. ஒரு பழைய சீலிங் ஃபேன் இழுக்கும் கரண்ட். மதியம் 2 மணிக்குக் கரண்ட் திரும்பும்வரை வீடு முழுக்க நெட் ஓடும்.

அப்புறம் இன்னொன்று. ஆக்சஸ் பாயின்ட் எப்போதாவது முறைத்துக்கொண்டால் ஏணி எடுக்க வேண்டாம். போனில் ஸ்விட்சின் ஆப்பைத் திறந்து அந்தப் போர்ட்டின் மின்சாரத்தை நிறுத்தித் திரும்பக் கொடுத்தால் போதும். இதுவரை இரண்டு முறை செய்திருக்கிறேன், ஒரு முறை பஸ்ஸில் இருந்தபடி. மேனேஜ்டு ஸ்விட்சாக இருந்தால்தான் இது முடியும். விலை கொஞ்சம் கூடும்.

ஃபைபர் இங்கேதான் தோற்றது. கண்ணாடியில் ஒளி போகும், கரண்ட் போகாது. ஆக்சஸ் பாயின்ட் வரை ஃபைபர் கொண்டுபோனால் அங்கே ஒளியை மறுபடி மின்சிக்னலாக மாற்றும் ஒரு கன்வெர்ட்டர் பெட்டியும் அதற்கு ஒரு அடாப்டரும் ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே உட்கார வேண்டும். மே மாத வெயிலில் மொட்டை மாடித் தளத்துக்கு அடியில் ஒரு மலிவு அடாப்டர் எத்தனை நாள் தாங்கும் என்று யோசித்தேன். அதோடு அந்த ஆசை போய்விட்டது. பழுதாகக்கூடிய பொருள் எல்லாம் கை எட்டும் ஒரே அலமாரியில் இருக்க வேண்டும், சீலிங்கில் கேபிளும் ஆக்சஸ் பாயின்ட்டும் தவிர எதுவும் கூடாது என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

பிஓஇ வாங்கும்போது பெட்டியில் 802.3ஏஎஃப், 802.3ஏடி என்று எந்தத் தர எண் போட்டிருக்கிறது என்று பாருங்கள். முதலாவது போர்ட்டுக்கு 15.4 வாட் தரும், இரண்டாவது 30 வாட். 24 வோல்ட் பேசிவ் என்று போட்டிருந்தால் அது வேறு ஜாதி, இவற்றோடு சேராது. எட்டு போர்ட் இருக்கிறதே என்று எட்டிலும் மாட்டிவிட முடியாது. ஸ்விட்ச் மொத்தமாக எத்தனை வாட் தரும் என்று ஒரு எண் இருக்கும், கணக்கு அதற்குள் அடங்க வேண்டும்.

கரண்ட் போவதால் கேபிளின் தரமும் முக்கியமாகிவிடுகிறது. முதலில் ஒரு கடையில் 305 மீட்டர் பெட்டி ஒன்றை நம்ப முடியாத விலைக்குக் கொடுத்தார்கள். தூக்கியபோதே லேசாக இருந்தது. வீட்டுக்கு வந்து ஒரு கம்பியின் தோலை உரித்து பிளேடால் மெல்லச் சுரண்டினேன். மேலே செம்பு நிறம், இரண்டு சுரண்டலில் உள்ளே வெள்ளி நிறம். அலுமினியத்தின் மேல் செம்பு பூசியது, சிசிஏ என்பார்கள். அதே பருமனுள்ள செம்பைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு தடை, பிஓஇ ஓட்டினால் சூடாகும், வளைத்து நிமிர்த்தினால் ஒடியும். திருப்பிக் கொடுத்துவிட்டு, முழுச் செம்பு என்று பெட்டியிலேயே எழுதியிருந்த கேபிளை வாங்கினேன். வாங்கும் கடையிலேயே பிளேடைக் கேளுங்கள், கூச்சப்பட வேண்டாம்.

பைப் விஷயத்தில் எலக்ட்ரீஷியன் அண்ணனோடு அரைநாள் வாக்குவாதம்.

“எதுக்கு தம்பி தனி பைப்பு? பவர் பைப்புலயே சேத்து விட்டுரலாம். நான் எத்தனை வீட்டுக்குப் பண்ணியிருக்கேன்.”

“வேண்டாம்ண்ணே, அது 230 வோல்ட். உரசித் தோல் போச்சுன்னா மோடத்துக்கும் சேர்த்துத் தீபாவளிதான்.”

ஒரு வழியாக 25 மி.மீ. பைப் தனியாக விட்டார். முழங்கை பெண்டு போடாமல், ஸ்பிரிங் விட்டுப் பெரிதாக வளைத்தார். கேட்6-இன் நடுவில் பிளாஸ்டிக் முதுகெலும்பு மாதிரி ஒன்று ஓடுவதால் குறுகிய வளைவில் அது திரும்பாது. படிக்கட்டுத் திருப்பத்தில் கேபிள் சிக்கி நின்றது. அண்ணன் கேட்டது முகப் பவுடர். கேபிளில் தடவி, மேலே ஒருவர் தள்ள, கீழே ஒருவர் இழுக்க, வெள்ளையாகப் புகைந்துகொண்டு வெளியே வந்தது. வீடு இரண்டு நாள் மணத்தது. எல்லாப் பைப்பிலும் ஒரு நைலான் கயிற்றையும் சேர்த்து இழுத்துவிடச் சொன்னேன். நாளைக்குக் கேபிளை மாற்ற வேண்டுமென்றால், ஏன் ஃபைபரே போட வேண்டுமென்றால்கூட, காடி வெட்டாமல் முடியும்.

அப்படியிருக்க, பின்கட்டுக்கு மட்டும் ஏன் ஃபைபர்? அதற்கும் காரணம் கரண்ட்தான், ஆனால் மேலே இருந்து வருவது. இரண்டு கட்டடத்துக்கும் எர்த் தனித்தனி. நடுவில் 45 மீட்டர் செம்பை ஓடவிட்டால், பக்கத்தில் எங்கோ இடி விழுந்தாலே அந்தக் கேபிள் வழியாக இரண்டு பக்கத்துப் போர்ட்டும் போகலாம். கண்ணாடிக்கு அந்தக் கவலை இல்லை. ஒரு எச்சரிக்கை: வாசலுக்கு இழுத்து வரும் டிராப் ஃபைபர் பலவற்றில் தாங்குவதற்காக இரும்புக் கம்பி இருக்கும். அதைப் போட்டால் பாதிப் பலன் போச்சு. நான் உலோகமே இல்லாத, இரண்டு முனையிலும் எல்சி என்ற சின்ன பிளக் வகைக் கனெக்டர் போட்டே வரும் 60 மீட்டர் சிங்கிள் மோடு கேபிளை மண்ணுக்கடியில் பைப்பில் விட்டேன். ஸ்பிளைசிங், அதாவது இழையை உருக்கி ஒட்டும் வேலை மிச்சம். மீந்ததைச் சுருட்டி வைத்திருக்கிறேன். கனெக்டரின் முனையில் விரல் பட்டால் அந்த அழுக்கே சிக்னலைத் தின்னும், இழுக்கும்போது மூடியைக் கழற்றாதீர்கள். இதற்கு ஒரு ஐப்பசி மழைதான் சாட்சி. ஒன்றும் ஆகவில்லை. ஒரு மழையை வைத்துச் சத்தியம் செய்ய மாட்டேன்.

ஆக்சஸ் பாயின்ட் பிராண்டில் ஒமாடாவா யுனிஃபையா என்று கேட்டால், நான் போட்டது ஒமாடா வைஃபை 6, மற்றதை ஓட்டிப் பார்த்ததில்லை. எதைப் போட்டாலும் ஒன்றைச் செய்யுங்கள்: ஒளிபரப்பும் பவரைக் குறையுங்கள். முதல் வாரம் எல்லாவற்றையும் முழுப் பவரில் விட்டிருந்தேன். போன் மாடிக்கு வந்த பிறகும் கீழ் ஹாலையே பிடித்துக்கொண்டு தொங்கியது. 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அலைவரிசையில் பவரை நன்றாகக் குறைத்து, சானல்களை 1, 6, 11 என்று பிரித்துக் கொடுத்ததும் சரியானது. இப்போது என் அறையில் 280.

மொட்டை மாடிக்கு மட்டும் பைப் விட மறந்துவிட்டேன். சாயந்தரம் காற்று வாங்கப் போகும்போது நெட் வேண்டுமே என்று பழைய மெஷ் பெட்டி ஒன்றை மாடிப்படி அறையில் மாட்டி வைத்திருக்கிறேன். கரண்ட் போனால் அது மட்டும் போய்விடும்.